கிளவுடில் பேர் மெட்டல் குபர்நெட்டீஸ் சோதனைக் களத்தை அமைப்பது எப்படி?

சொந்த சர்வர்களில் (பேர் மெட்டல்) குபர்நெட்டீஸ் கிளஸ்டர் ஒன்றை, அதாவது கன்டெய்னர்களைப் பல இயந்திரங்களில் பரப்பி இயக்கும் கூட்டமைப்பை, நிறுவத் திட்டமிட்டிருக்கிறோம். வன்பொருள் வந்து சேர்வதற்கு முன்பே கிளவுடில் சில மெய்நிகர் இயந்திரங்களை எடுத்து ஒத்திகை பார்க்க முடியுமா, அந்த ஒத்திகையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது கேள்வி. சாதாரண மெய்நிகர் இயந்திரங்களில் நிறுவிப் பார்த்தபோது கிளஸ்டர் இயங்கியது என்றும், சேவைகளுக்கு வெளி முகவரி ஒதுக்கும் மெட்டல்எல்பி மென்பொருள் வழியாகத் தரப்பட்ட முகவரி மட்டும் வெளியிலிருந்து பதில் சொல்லவில்லை என்றும் கேள்வியில் இருக்கிறது.

முடியும். அந்த முகவரி ஏன் பதில் சொல்லவில்லை என்பதிலேயே இந்த வேலையின் மையமும் இருக்கிறது. சொந்த சர்வர்களும் கிளவுட் இயந்திரங்களும் வேறுபடுகிற முக்கியமான இடம் வலையமைப்பு. சர்வர் அடுக்கில் ஒரே சுவிட்சில் செருகிய இயந்திரங்கள் ஒன்றையொன்று இரண்டாம் அடுக்கில், அதாவது ஈதர்நெட் அளவில், நேரடியாகப் பார்க்கின்றன. கிளவுட் உங்களுக்குத் தரும் தனியார் வலையமைப்பு அப்படித் தோன்றினாலும் உள்ளே மூன்றாம் அடுக்கில், அதாவது ஐபி அளவில்தான் இயங்குகிறது. ஆகவே முதலில் அந்த இரண்டாம் அடுக்கை நீங்களே கட்டி, அதன் மேல் கிளஸ்டரை நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் நடத்தும் ஒத்திகை குபர்நெட்டீஸை நிறுவத் தெரியும் என்பதை மட்டுமே நிரூபிக்கும்.

இந்த வேறுபாட்டை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். கூகுள் கிளவுடில் ஒரு லினக்ஸ் இயந்திரத்தைத் தொடங்கி அதன் இடைமுகத்தின் முகவரியைக் காட்டச் சொன்னால், சப்நெட் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இயந்திரத்துக்குக் கிடைத்திருப்பது /32 என்ற ஒற்றை முகவரிதான் என்பது தெரியும். பக்கத்து இயந்திரத்துக்குப் போகும் பாக்கெட்டும் கேட்வே வழியாகத்தான் போகிறது. அமேசானில் சப்நெட் அளவு வழக்கம்போல் தெரியும். ஆனால் ஒதுக்கப்படாத முகவரி ஒன்றைத் தேடி ஓர் இயந்திரம் ஏஆர்பி கேள்வி (இந்த ஐபி முகவரி யாருடையது என்று எல்லாரையும் கேட்பது) அனுப்பும்போது, பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை வைத்துக் கவனித்தால், கேள்வி இந்தப் பக்கம் வெளியேறுவது தெரியும், மற்ற இயந்திரங்களில் அது வந்து சேர்ந்ததற்கான தடயமே இருக்காது. எந்த முகவரி எந்த இயந்திரத்துக்கு உரியது என்பதைக் கிளவுடின் கட்டுப்பாட்டு மென்பொருள் தன் அட்டவணையில் வைத்திருக்கிறது. அந்த அட்டவணையில் இல்லாத முகவரிக்கு எந்த இயந்திரம் உரிமை கோரினாலும் வலையமைப்பு அதைக் கண்டுகொள்வதில்லை. எல்லாருக்கும் அனுப்பும் பிராட்காஸ்டும் ஒரு குழுவுக்கு அனுப்பும் மல்டிகாஸ்டும் வழக்கமான அமைப்பில் கடந்து செல்லாது.

மெட்டல்எல்பியின் இரண்டாம் அடுக்கு முறை முழுவதும் இந்த ஏஆர்பியை நம்பித்தான் நிற்கிறது. சேவைக்குரிய முகவரிக்கு ஒரு நோடு (கிளஸ்டரிலுள்ள ஓர் இயந்திரம்) பொறுப்பேற்றுக்கொண்டு, அந்த முகவரியைத் தேடி வரும் ஏஆர்பி கேள்விகளுக்குத் தன் மேக் முகவரியை, அதாவது ஈதர்நெட் முகவரியை, பதிலாகத் தருகிறது. கேள்வியே வந்து சேராத வலையமைப்பில் அது என்ன செய்யும்? சேவையின் பட்டியலில் வெளி முகவரி ஒதுக்கப்பட்டதாகவே காட்டும், பதிவுகளிலும் பிழை இருக்காது. இதில் இன்னொரு மயக்கமும் உண்டு. கிளஸ்டருக்குள் இருக்கும் நோடு ஒன்றிலிருந்து அந்த முகவரியை அழைத்தால் பதில் கிடைக்கும். ஏனென்றால் ஒவ்வொரு நோடிலும் இயங்கும் கியூப்ப்ராக்ஸி எழுதிவைத்த விதிகள் பாக்கெட்டை வெளியே விடாமல் அங்கேயே திருப்பிவிடுகின்றன. எனவே சேவை முகவரியை எப்போதும் கிளஸ்டரில் சேராத இயந்திரம் ஒன்றிலிருந்துதான் சோதிக்க வேண்டும்.

கிளவுட் நிறுவனங்கள் வாடகைக்குத் தரும் உண்மையான பேர் மெட்டல் இயந்திரங்களை எடுத்தால் இந்தச் சிக்கல் தீராதா என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் தீராது. அமேசானின் மெட்டல் வகை இயந்திரங்களில் ஹைப்பர்வைசர் இல்லை என்றாலும் அவை இணைவது விபிசி எனப்படும் அதே தனியார் வலையமைப்பில்தான். ஏஆர்பி கட்டுப்பாடும் அப்படியே இருக்கும். இரண்டாம் அடுக்கு விலான்களை (தனித்தனி மெய்நிகர் ஈதர்நெட் வலைகளை) தரும் வாடகைச் சேவைகளும் உண்டு. அவை உண்மை நிலைக்கு மிக நெருக்கமானவை, செலவும் அதற்கேற்பக் கூடுதல். முதல் கட்டத்துக்குச் சாதாரண மெய்நிகர் இயந்திரங்களே போதும் என்பது என் கருத்து. கூகுளே தன் பேர் மெட்டல் கிளஸ்டர் மென்பொருளைக் கம்ப்யூட் எஞ்சின் இயந்திரங்களில் முயன்று பார்ப்பதற்குத் தந்துள்ள வழிகாட்டலில் கையாள்வதும், கீழே விவரிக்கப்போகும் விஎக்ஸ்லான் முறைதான்.

ஆறு இயந்திரங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: கிளஸ்டரை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுத் தளத்துக்கு மூன்று, வேலை செய்யும் நோடுகளாக இரண்டு, நிர்வாகத்துக்கும் வெளியிலிருந்து சோதிப்பதற்கும் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே மண்டலத்தில் வையுங்கள். ஒரே அறையில் நிற்கப்போகும் சர்வர்களை மண்டலங்களுக்கு இடையே பரப்பி வைத்தால், உண்மையில் இருக்கப்போகாத தாமதத்தைத்தான் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

விஎக்ஸ்லான் என்பது ஈதர்நெட் சட்டகத்தை யூடிபி பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் முறை. 2014இல் ஆர்எஃப்சி 7348 ஆக வெளியான இது லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது, தனி மென்பொருள் தேவையில்லை. ஒவ்வொரு இயந்திரத்திலும் கிளவுட் இடைமுகத்தின் மேல் ஒரு விஎக்ஸ்லான் இடைமுகத்தை உருவாக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே அடையாள எண்ணையும் ஒரே யூடிபி போர்ட்டையும் கொடுக்க வேண்டும். வழக்கமான அமைப்பில் விஎக்ஸ்லான் தன் பிராட்காஸ்டை மல்டிகாஸ்ட் குழு வழியாகப் பரப்பும். கிளவுடில் அது இல்லாததால், ஒவ்வொரு இயந்திரத்தின் பிரிட்ஜ் முன்னனுப்பல் அட்டவணையிலும் எல்லாம் பூச்சியமான மேக் முகவரிக்கு எதிரே மற்ற ஐந்து இயந்திரங்களின் கிளவுட் முகவரிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இப்போது ஓர் இயந்திரம் ஏஆர்பி கேள்வி எழுப்பினால், கெர்னல் அதை ஐந்து பிரதிகளாக்கி ஐந்து பேருக்கும் தனித்தனியே அனுப்பிவைக்கும். ஆறு இயந்திரங்களுக்கு இந்தச் சுமை ஒரு பொருட்டே இல்லை.

போர்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது சற்று யோசியுங்கள். விஎக்ஸ்லானுக்கு அதிகாரபூர்வமாக ஒதுக்கப்பட்டது 4789. லினக்ஸ் கெர்னலின் பழைய இயல்பு மதிப்பு 8472. பாட்களுக்கு (கன்டெய்னர்கள் இயங்கும் அலகுகளுக்கு) வலையமைப்பு தரும் மென்பொருள்களில் காலிகோ முன்னதையும் ஃபிளானலும் சிலியமும் பின்னதையும் இயல்பாகப் பயன்படுத்துகின்றன. உங்கள் அடித்தள விஎக்ஸ்லானுக்கு இவை இரண்டும் அல்லாத எண்ணை வைத்துக்கொண்டால், பின்னால் பாக்கெட்டுகளைக் கவனிக்கும்போது எது அடித்தளம், எது பாட் வலையமைப்பு என்று குழப்பம் வராது. கிளவுட் ஃபயர்வாலில் அந்த ஒரு யூடிபி போர்ட்டை மட்டும், இந்த ஆறு இயந்திரங்களுக்கு இடையில் மட்டும் திறந்துவிடுங்கள். விஎக்ஸ்லானில் மறையாக்கம் எதுவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

முகவரிகள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்கு முன்கூட்டியே தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. கிளஸ்டரை நிறுவும் கருவியான கூப்அட்மின் சேவைகளுக்கு இயல்பாக எடுத்துக்கொள்வது 10.96.0.0/12, அதாவது 10.96 முதல் 10.111 வரை. காலிகோவின் வழக்கமான பாட் வரம்பு 192.168.0.0/16. கூகுளின் தானியங்கி சப்நெட்டுகள் 10.128.0.0/9க்குள் வரும், அமேசானின் இயல்பு விபிசி 172.31.0.0/16. இவற்றில் எதிலும் படாத 10.20.0.0/24ஐ விஎக்ஸ்லானுக்குக் கொடுத்து, அதற்குள்ளேயே கட்டுப்பாட்டுத் தளத்தின் மிதக்கும் முகவரிக்கு (ஒரு நோடு விழுந்தால் இன்னொன்றுக்கு மாறும் முகவரி) ஒன்றும் மெட்டல்எல்பிக்கு இருபது முப்பது முகவரிகளும் ஒதுக்கிவைக்கலாம்.

அடுத்து எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. விஎக்ஸ்லான் பொதிவு ஒவ்வொரு பாக்கெட்டிலும் 50 பைட் எடுத்துக்கொள்கிறது. கூகுள் கிளவுடின் இயல்பு எம்டியூ 1460 என்பதால், அதன் மேலுள்ள விஎக்ஸ்லானுக்கு 1410தான் மிஞ்சும். பாட் வலையமைப்பும் விஎக்ஸ்லானாகவே இருந்தால் பாட்டுக்குக் கிடைப்பது 1360. அமேசானில் விபிசிக்குள் 9001 வரை அனுமதி உண்டு என்பதால் இந்த நெருக்கடி அங்கே தெரியாது. விஎக்ஸ்லான் இடைமுகத்தை உருவாக்கும்போது அது எந்த இடைமுகத்தின் மேல் அமர்கிறது என்பதைக் குறிப்பிட்டால் கெர்னலே 50ஐக் கழித்துக்கொள்ளும். குறிப்பிடாமல் விட்டால் 1500 என்றே வைத்துவிடும். அதன் அறிகுறி விசித்திரமாக இருக்கும்: பிங் போகும், எஸ்எஸ்ஹெச் இணையும், சின்னக் கட்டளைகள் ஓடும், நீண்ட வெளியீடு வரும்போது திரை உறைந்துபோகும், டிஎல்எஸ் கைகுலுக்கல் சான்றிதழை எதிர்பார்த்து நின்றுவிடும். சரிபார்க்க எளிய வழி, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் அனுப்புவது. எம்டியூ 1410 என்றால் ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளுக்கு 28 போக 1382 பைட் தரவு கடந்து செல்ல வேண்டும், 1383 தடுக்கப்பட வேண்டும். இந்தச் சோதனையை நோடுகளுக்கு இடையில் ஒருமுறையும், கிளஸ்டர் எழுந்த பிறகு பாட்களுக்கு இடையில் அந்த எண்களைத் திருத்தி ஒருமுறையும் செய்யுங்கள்.

இதற்கு அடுத்த கட்டத்தில்தான் பலருடைய ஒத்திகை அவர்களுக்குத் தெரியாமலே வீணாகிறது. ஒவ்வொரு இயந்திரத்திலும் இப்போது இரண்டு இடைமுகங்கள் உள்ளன: கிளவுட் கொடுத்தது ஒன்று, நீங்கள் கட்டியது மற்றொன்று. இயல்பு வழித்தடம் கிளவுட் இடைமுகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நோடிலும் இயங்கும் கூப்லெட்டும், கூப்அட்மினும் தாமாக முகவரியைத் தேர்ந்தெடுக்கும்போது இயல்பு வழித்தடம் இருக்கும் இடைமுகத்தையே எடுத்துக்கொள்கின்றன. காலிகோ முதலில் கண்ணில் படும் இடைமுகத்தை எடுக்கிறது. விளைவாக, பாடுபட்டுக் கட்டிய இரண்டாம் அடுக்கு ஒருபுறம் சும்மா கிடக்க, கிளஸ்டர் முழுவதும் கிளவுடின் மூன்றாம் அடுக்கில் சுகமாக ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் பச்சையாகத் தெரியும், ஆனால் எதுவும் சோதிக்கப்பட்டிருக்காது. இதைத் தவிர்க்க மூன்று இடங்களில் விஎக்ஸ்லான் முகவரியை வெளிப்படையாக எழுத வேண்டும்: கூப்அட்மின் அமைப்புக் கோப்பில் ஏபிஐ சர்வர் அறிவிக்கும் முகவரியாக, ஒவ்வொரு கூப்லெட்டிலும் நோடு ஐபியாக, காலிகோவில் முகவரியைக் கண்டறியும் விதியாக. பிறகு நோடுகளை விரிவான பட்டியலாகக் கேட்டு, உள் முகவரி என்ற பத்தியில் எல்லாமே 10.20.0 என்று தொடங்குகின்றனவா என்று பாருங்கள். அப்படித் தொடங்கினால்தான் மேலே போக வேண்டும்.

நோடுகளைத் தயார்ப்படுத்துவது எங்கும் ஒரே மாதிரிதான்: ஸ்வாப்பை அணைப்பது, ஐபி முன்னனுப்பலை இயக்குவது, பிரிட்ஜ் நெட்ஃபில்டர் மாட்யூலை ஏற்றுவது, கன்டெய்னர்டியில் சிஸ்டம்டி சிகுரூப்பைத் தேர்ந்தெடுப்பது. கூப்அட்மினில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுத் தளத்தின் பொது முகவரியை (மேலே ஒதுக்கிய மிதக்கும் முகவரியை) முதல் நோடைத் தொடங்கும்போதே கொடுத்துவிட வேண்டும். அது இல்லாமல் எழுப்பிய ஒற்றை நோடு கிளஸ்டரைப் பின்னாளில் மூன்றாக விரிப்பதைக் கூப்அட்மின் ஆதரிப்பதில்லை. மற்ற நோடுகளைச் சேர்ப்பதற்கான டோக்கன் 24 மணி நேரமும், பதிவேற்றிய சான்றிதழ்களுக்கான சாவி 2 மணி நேரமும்தான் செல்லும்.

அந்தப் பொது முகவரியைத் தாங்குவது கூப்விப்பாகவோ, கீப்அலைவ்டியும் ஹெச்ஏப்ராக்ஸியும் சேர்ந்த இணையாகவோ இருக்கலாம். கீப்அலைவ்டி பேசும் விஆர்ஆர்பி நெறிமுறை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரியை நாடுவதால் கிளவுடில் நேரடியாக ஓடாது. விஎக்ஸ்லான் இடைமுகத்தில் வைத்தால், மேலே சொன்ன அட்டவணையின் புண்ணியத்தில் மாற்றமின்றி ஓடும். உங்கள் சர்வர் அறையில் எழுதப்போகும் அதே அமைப்புக் கோப்பை ஒரு வரிகூட மாற்றாமல் இங்கே ஓட்ட முடிகிறது என்பதுதான் இந்த முயற்சிக்கெல்லாம் கிடைக்கும் பலன்.

மெட்டல்எல்பியில் முகவரித் தொகுப்பு, இரண்டாம் அடுக்கு அறிவிப்பு ஆகிய இரண்டு பொருள்களையும் உருவாக்க வேண்டும். முன்னது மட்டும் இருந்தால் முகவரி ஒதுக்கப்படும், யாரும் அதை அறிவிக்க மாட்டார்கள். 2022இல் வந்த 0.13 பதிப்புக்கு முந்தைய எடுத்துக்காட்டுகள் கான்ஃபிக்மேப் வழியைக் காட்டும். அவை இப்போது செல்லாது. கியூப்ப்ராக்ஸியை ஐபிவிஎஸ் முறையில் ஓட்டினால் கண்டிப்பான ஏஆர்பி என்ற அமைப்பையும் இயக்குங்கள், இல்லையேல் பொறுப்பேற்காத நோடுகளும் பதில் சொல்லத் தொடங்கும். நிர்வாக இயந்திரத்திலிருந்து சேவையை அழைத்து, அதன் ஏஆர்பி அட்டவணையில் எந்த நோடின் மேக் முகவரி பதிந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த நோடின் விஎக்ஸ்லான் இடைமுகத்தை இறக்கிவிட்டால் சில விநாடிகளில் இன்னொரு நோடு பொறுப்பேற்று, யாரும் கேட்காமலே ஏஆர்பி அறிவிப்பை அனுப்பும்; அட்டவணையில் மேக் முகவரி மாறுவதை நேரில் காணலாம். நிறுவனத்தின் ரவுட்டர்கள் வழித்தடங்களைப் பரிமாறும் பிஜிபி நெறிமுறையைப் பேசும் என்றால், ஏழாவது இயந்திரம் ஒன்றில் எஃப்ஆர்ஆர் மென்பொருளை ஓட்டி அதை அடுக்கின் மேல்நிலை ரவுட்டராக நடிக்கவைத்து அந்த முறையையும் சோதிக்கலாம்.

கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் தரவுத்தளமான ஈடிசிடிக்குத் தனி வட்டு கொடுங்கள். அதன் பதிவேடு ஒவ்வொரு முறையும் வட்டில் உறுதியாக எழுதப்பட்ட பிறகே அடுத்த அடி வைக்கும் என்பதால், எழுதும் தாமதத்தின் 99ஆம் சதமானம் 10 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். எஃப்ஐஓ கருவியில் 2300 பைட் அளவிலான தொடர் எழுத்துகளோடு ஒவ்வொன்றுக்கும் எஃப்டேட்டாசிங்க் அழைக்கச் சொல்லி அளந்துவிடலாம். கிளவுடின் வலையமைப்பு வட்டுகள் பல, அளவு பெருகப் பெருகத்தான் வேகம் பெறும். சிறிய வட்டில் ஈடிசிடி தலைவரை அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தால், அது உங்கள் வருங்கால சர்வர்களைப் பற்றிய செய்தி அல்ல.

இனி, கிளவுட் ஓசையில்லாமல் செய்து தரும் உதவிகளை ஒவ்வொன்றாகத் துண்டிக்க வேண்டும். கிளவுடின் கட்டுப்பாட்டு இணைப்பையும் வட்டுகளைத் தானாக உருவாக்கித் தரும் சிஎஸ்ஐ இயக்கியையும் நிறுவாதீர்கள். சேமிப்புக்கு லோக்கல் வால்யூம்களையோ, வெறும் வட்டுகளைச் சேர்த்து ரூக் வழியாகச் செஃப் என்ற பகிர்ந்த சேமிப்பையோ பயன்படுத்துங்கள். இயந்திரத்தின் விவரங்களைக் கிளவுட் தரும் 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியைப் பாட்கள் தொடாதபடி தடுத்துவிடுங்கள். இயந்திரங்களின் பெயர்கள் கிளவுடின் டிஎன்எஸ் தயவில் தீர்க்கப்படுகின்றனவா, நேரம் கிளவுடின் கடிகாரத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். சொந்த அறையில் டிஎன்எஸ் சர்வரையும் என்டிபியையும் நீங்களே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால், நிர்வாக இயந்திரத்தில் இரண்டையும் ஓட்டி அதையே நோடுகள் நாடும்படி செய்வது நல்லது. ஒத்திகையில் கண்ணில் படாத இந்தச் சின்ன உதவிகள்தான் நிறுவும் நாளில் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் போய் ஆளைத் திணறடிக்கும்.

களம் தயாரான பிறகு அதை உடைத்துப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள். கிளவுட் கன்சோலில் இயந்திரத்தை நிறுத்துவது மின்சாரம் போவதற்கு ஈடாகாது. அது இயங்குதளத்துக்கு முன்னறிவிப்புத் தந்து ஒழுங்காக மூடவைக்கிறது. திடீர்ச் சாவைப் பார்க்க வேண்டுமென்றால் சிஸ்ஆர்க்யூ என்ற அவசரக் கட்டளை வழியாகக் கெர்னலை உடனே மறுதொடக்கம் செய்யச் சொல்லுங்கள்; கேபிள் பிடுங்கப்பட்ட நிலைக்கு விஎக்ஸ்லான் இடைமுகத்தை இறக்குங்கள். கவனித்துப் பாருங்கள்: நோடு தயாரில்லை என்று குறிக்கப்பட 40 விநாடி அளவும் (அண்மைய பதிப்புகளில் 50), அதிலிருந்த பாட்கள் வெளியேற்றப்பட மேலும் 300 விநாடியும் இயல்பாக ஆகும். தரவைத் தாங்கும் ஸ்டேட்ஃபுல்செட் பாட்கள் அதன் பிறகும் அந்த நோடு திரும்பும் வரையோ நீக்கப்படும் வரையோ தாமாக நகராது. சேவை நடத்துபவர்கள் இந்த ஐந்தாறு நிமிடங்களை முன்கூட்டியே அறிந்திருப்பது எவ்வளவோ மேல். மூன்று கட்டுப்பாட்டு நோடுகளில் ஒன்றை வீழ்த்தினால் ஈடிசிடி தொடரும், இரண்டை வீழ்த்தினால் எழுத்துகள் நின்றுவிடும். இரண்டாவது நிலையிலிருந்து ஸ்னாப்ஷாட் கொண்டு மீள்வதை ஒருமுறையாவது முழுமையாகச் செய்து முடிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் இந்தக் களம் சிலவற்றைச் சொல்லாது. ஃபர்ம்வேர், நெட்வொர்க் கார்டு இயக்கி, எல்ஏசிபி பிணைப்பு, சுவிட்ச் அமைப்பு, வட்டுப் பழுது ஆகியவை இதன் எல்லைக்கு வெளியே உள்ளவை. செயல்திறன் எண்களையும் இங்கிருந்து எடுத்துச் செல்லக் கூடாது. இரட்டைப் பொதிவும் பகிர்ந்த வன்பொருளும் எல்லா அளவீட்டையும் திரித்துவிடும். காலியான சர்வர்களை வலையமைப்பு வழியாக எழுப்பி இயங்குதளம் ஏற்றும் கட்டத்தை, மெட்டல்3 போன்றவற்றைக் கொண்டு, ஒத்திகை பார்க்க விரும்பினால் வேறு வடிவம் வேண்டும். ஒரே ஒரு மெட்டல் இயந்திரத்தையோ, உட்செருகு மெய்நிகராக்கம் அனுமதிக்கும் பெரிய இயந்திரத்தையோ எடுத்து, கேவிஎம் மூலம் அதற்குள் இயந்திரங்களை உருவாக்கி லினக்ஸ் பிரிட்ஜில் இணைத்தால், உண்மையான இரண்டாம் அடுக்கு விஎக்ஸ்லான் இல்லாமலே கிடைத்துவிடும். சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க மதர்போர்டிலுள்ள பிஎம்சி சில்லின் இடத்தில், அதன் நெறிமுறைகளான ஐபிஎம்ஐக்கு விர்ச்சுவல்பிஎம்சியும் ரெட்ஃபிஷ்ஷுக்குச் சுஷி டூல்ஸும் நிற்கும். வலையமைப்பு வழியாக எழுப்பும் பிஎக்ஸ்இ பூட்டும் இயங்கும்.

எந்த வடிவமானாலும் எல்லாவற்றையும் தானியங்கி அமைப்புக் கருவிகளான டெர்ராஃபார்மிலும் ஆன்சிபிளிலும் எழுதி வையுங்கள். கையால் உருவாக்கிய விஎக்ஸ்லான் இடைமுகம் மறுதொடக்கத்தில் மறைந்துபோகும். அதையும் அட்டவணை வரிகளையும் சிஸ்டம்டி நெட்வொர்க்டி கோப்புகளாக வைத்தால் நிலைக்கும். மாலையில் முழுக்க அழித்துக் காலையில் மீண்டும் எழுப்ப முடிகிற களம்தான் செலவைக் கட்டுக்குள் வைக்கும். அழிக்கும்போது, இயந்திரங்கள் போன பிறகும் வாடகை ஏறிக்கொண்டிருக்கும் தனி வட்டுகளும் நிலையான வெளி முகவரிகளும் மிஞ்சியிருக்கின்றனவா என்று பார்த்து அவற்றையும் நீக்கிவிடுங்கள்.